பூபதியின் இரண்டு லட்சம் மகள்கள்

உலகத்தில் ஒருவனை நாலு பேர் வெறுத்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஊரே வெறுத்தால் வேறு ஊருக்குக் குடிபோகலாம். சென்னியப்பனைக் கண்டால் ஆகாதவை இரண்டு லட்சம் மாடுகள். அவை எல்லா ஊரிலும் இருந்தன.

முட்ட வந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அவை பயந்தன. காதை மடக்கி, கண்ணின் வெள்ளை தெரிய, கயிறு அறும்வரை பின்னால் இழுத்தன. ஒரு மாடு கத்தினால் அடுத்த தோட்டத்து மாடும் கத்தும். அதைக் கேட்டு அதற்கடுத்த தோட்டம். அவர் பேருந்தைவிட்டு இறங்குவதற்குள் அவர் வந்த செய்தி ஊர்க்கோடிக்குப் போய்விடும்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. சன்னலோரம் மட்டும் உக்கார வேண்டாம். ரோட்டுல மாடு மெரண்டு வண்டிக்குள்ள உழுகுது" என்று நடத்துநர்கள் அவரை நடு இருக்கைக்கு மாற்றுவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சென்னியப்பன் மாடுகளை நம்பிப் பிழைத்தவர். வெள்ளகோவிலிலிருந்து முத்தூர் போகும் சாலையில் இருக்கிற 'மடிவளம் கால்நடை இனவிருத்தி நிறுவன'த்தில் பதினெட்டு வருடம் சினை ஊசி போட்டவர். வண்டியில் காளை விந்தை உறையவைத்த நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு, மாடு பருவத்துக்குக் கத்துகிறது என்று போன் வந்தால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து போனவர். மாடுகள் அவரை அண்ட விடாமல் போனபோது கம்பெனி மருத்துவர் அவருக்கு இரத்தம், தோல், மூக்கு எல்லாம் சோதித்து ஒரு சான்றிதழ் கொடுத்தார். 'இவருக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை. மாடுகளுக்கு இவர் ஒவ்வாமை' என்று அதில் எழுதியிருந்தது.

அந்தச் சான்றிதழின் பேரில், மாடு ஏற முடியாத இரண்டாம் மாடியில் அவருக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். கம்பெனியின் ஐம்பதாண்டு வரலாற்றை எழுதுவது இனி அவர் வேலை.

அவர் பக்தியோடு எழுதினார். நிறுவனர் ராசப்பன் ஒரே ஒரு கேனோடு தொழில் தொடங்கிய காலத்திலிருந்து ஆரம்பித்தார். அப்போது வண்டி வாங்க வசதியில்லை. கேனைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போவார். மூடியைச் சுற்றிப் புகை வருவதைப் பார்த்த பக்கத்து இருக்கைக்காரர்கள் ஏதோ கோயில் தீர்த்தம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். விவசாயிகள் நம்பவில்லை. "ஊசியில பொறந்த கன்னு அம்மான்னு கத்துமா, ஊசீன்னு கத்துமா?" என்று கேலி செய்தார்கள். முதல் கன்று பிறந்த அன்று ராசப்பன் கட்டுத்தறியிலேயே மூன்று மணி நேரம் குந்தியிருந்தார். கன்று "ம்மா" என்றது. அன்றைக்கே பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள்.

பிறகு கொட்டகை வந்தது, காளைகள் வந்தன, ஆய்வுக்கூடம் வந்தது. ஆய்வுக்கூடத்துக்கு டாக்டர் ஹேமநாதன் வந்தார். அவர் கண்டுபிடித்ததுதான் ஞாபகக் குச்சி.

ஊசிக்கான விந்தை மெல்லிய குச்சி போன்ற குழாயில் அடைத்து உறையவைப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். ஹேமநாதன் அந்தக் குச்சிக்குள் காளையின் ஞாபகத்தையும் அடைத்தார். காளை பழகியதெல்லாம் கன்று பிறக்கும்போதே அதற்குத் தெரிந்திருக்கும். 'பிறக்கும்போதே படித்த கன்று' என்று சுவரெல்லாம் விளம்பரம் எழுதினார்கள். சனங்கள் சுருக்கமாகப் 'படிச்ச மாடு' என்றார்கள்.

அதற்குத் தேர்ந்தெடுத்த காளைதான் பூபதி. நல்ல செவலை, சாந்தமானது. ஒரு கறவை மாட்டுக்கு என்னென்ன தெரிய வேண்டுமோ அத்தனையும் அதற்குப் பழக்கினார்கள். கறவை இயந்திர மேடையில் ஏறி நிற்க வேண்டும், கறந்து முடிந்ததும் இடப்பக்கமாக இறங்க வேண்டும், உதைக்கக் கூடாது. மடியே இல்லாத பூபதிக்கு இரண்டு வருடம் வெந்நீரில் மடி கழுவினார்கள். அது யோசனையோடு அசைபோட்டபடி நிற்கும்.

பழக்கியது மட்டுமா போகும்? பழகியதெல்லாம் போயிற்று. நாலு மணிக்குக் கம்பெனி உணவகத்தில் மணி அடிக்கும்போது பூபதிக்குப் பருத்திக்கொட்டை வைப்பார்கள். அதனால் தமிழ்நாடு முழுவதும் பூபதியின் மகள்கள் நாலு மணிக்குத் தலை தூக்கிப் பார்த்தன. காவலாளியின் வானொலியில் அது கிரிக்கெட் வர்ணனை கேட்டுப் படுத்திருக்கும். அதனால் ஆட்டம் நடக்கிற நாளில் கால் லிட்டர் பால் கூடியது. மழையால் ஆட்டம் நின்றால் குறைந்தது.

எல்லாவற்றுக்கும் மேல், அவை பழனாத்தாளை அறிந்திருந்தன.

பழனாத்தாள் கொட்டகையில் சாணி அள்ளுகிறவர். போகும்போதும் வரும்போதும் பூபதிக்கு ஒரு வாழைப்பழத் தோலைக் கொடுத்து, கழுத்துக்கடியில் சொறிந்துவிடுவார். அவ்வளவுதான் அவர் செய்தது. இப்போது அவர் எங்கே போனாலும் மாடுகள் பின்னால் வந்தன. காங்கயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அவர் பின்னால் நாற்பது மாடுகள் வந்து நின்றன. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அவ்வளவு கூட்டம் இல்லை. கம்பெனி அவரை நல்லெண்ணத் தூதராக்கி நாட்காட்டியில் படம் போட்டது. பழனாத்தாள் மறுநாளும் கூடையோடு வந்தார். "தூதராயிட்டா மட்டும் சாணி தானா எந்திரிச்சுப் போயிருமுங்களா?" என்றார்.

சென்னியப்பன் இதையெல்லாம் எழுதினார். ஒன்றை மட்டும் எழுதவில்லை.

*

அவருக்கு ஒரே மகள், இளநிலா. தாயில்லாமல் வளர்த்த பிள்ளை. சிவகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவளைக் கொடுத்திருந்தார். கல்யாணம் மண்டபத்தில் நடந்ததால் ஒரு வம்பும் இல்லை. மூன்றாம் நாள் சீர்த்தட்டோடு தோட்டத்துக்குப் போனார். அங்கே பவுனு இருந்தாள்.

பவுனு பூபதியின் மகள். ஆறு வயது. அவரைக் கண்டதும் அலறிய அலறலில் தட்டிலிருந்த தேங்காய் உருண்டு வாசலுக்கு ஓடியது. அக்கம்பக்கத்து மாடுகளெல்லாம் சேர்ந்துகொண்டன. மூன்று நாள் பவுனு பால் சுரக்கவில்லை.

மாப்பிள்ளையின் தாயார் கோமதி நல்ல மனுஷி. வாசல்வரை வந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. நாங்க எதையும் மனசுல வெச்சுக்கலீங்க. ஆனா அக்கம்பக்கத்துல பேசறாங்க. பசு பொய் சொல்லாதுங்கறாங்க. வாயில்லாத சீவன் இப்பிடிப் பதறுதுன்னா, அந்த மனுசன் என்ன பண்ணுனாரோங்கறாங்க."

"வேற மாடு மாத்திக்கிட்டா…"

"எங்கீங்க போறது? இந்தச் சுத்துவட்டாரத்துல எதைப் புடிச்சாலும் பூபதி மவதானுங்களே."

அது உண்மை. கம்பெனி அவ்வளவு நன்றாக வளர்ந்திருந்தது. பவுனு அடுத்த முறை பருவத்துக்கு வந்தபோது வேறு குச்சி கிடைக்காமல் பூபதியின் பேரனுடைய குச்சியையே போட்டார்கள். சினை பிடித்தது. அதே மாதங்களில் இளநிலாவும் முழுகாமல் இருந்தாள். பிரசவத்துக்குக் கூட்டி வரலாமென்றால், பெண்துணை இல்லாத வீடு. பேரப்பிள்ளை அந்தத் தோட்டத்தில்தான் பிறக்கும், அங்கேதான் தவழும், அங்கேதான் பேசும். சென்னியப்பனுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வாசலைத் தாண்டி உள்ளே போய்ப் பிள்ளையை ஒரு தரம் மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதற்காக அவர் செய்யாத கூத்தில்லை. மீசையை எடுத்தார். தலைக்கவசம் போட்டுக்கொண்டு போனார். மேலெல்லாம் சாணி பூசிக்கொண்டு போனார், நாய்கள் துரத்தின. கடைசியில் பழனாத்தாளின் பழைய சேலை ஒன்றைக் கேட்டு வாங்கி, முக்காடிட்டுக்கொண்டு போனார். பவுனு வாசனை பிடித்து, வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டடி தூரத்தில் முக்காட்டுக்குள் யாரென்று பார்த்தாள். அன்றைக்கு அவள் தாண்டிய வேலியின் உயரம் ஐந்தரை அடி. சேலையோடு பேருந்து நிறுத்தத்தில் நின்ற சம்பந்தியைப் பார்த்துக் கோமதி என்ன சொல்வதென்று தெரியாமல், "மோர் கொண்டாரட்டுங்களா?" என்றாள்.

மறுநாள் அவர் ஹேமநாதன் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"டாக்டர், இந்த ஞாபகத்தை அழிக்க முடியாதுங்களா?"

"பொறந்த மாட்டுக்குள்ள இருக்கறதை எப்படி அழிக்க? காளை தினமும் புதுசா விந்து உண்டாக்குது. அதனால நேத்து அது பட்டது இன்னிக்குக் குச்சிக்குள்ள போயிடுது. குச்சி போனா கன்னுக்குள்ள போயிடுது. அம்பு மாதிரி சென்னியப்பன், விட்டா விட்டதுதான்."

"மக வீட்டு மாட்டுக்கே நான் நல்லவன்னு பழக்கிட்டா? அதோட கன்னாவது…"

"வாய்ப்பே இல்ல. பசுவோட கருமுட்டை அது தாய் வயித்துல இருக்கும்போதே உண்டாகி முடிஞ்சுடுது. அப்புறம் அது என்ன பழகினாலும் முட்டைக்குள்ள போகாது. ஞாபகம் காளை வழி மட்டும்தான். நம்ம கம்பெனியே அதுமேலதானே நிக்குது?" ஹேமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமா, பூபதிக்கு உங்ககிட்ட என்ன பயம்? என்னதான் நடந்துச்சு?"

"ஒண்ணுமில்லீங்க" என்றார் சென்னியப்பன்.

அந்த ஒன்றுமில்லாதது எந்தத் தேதியில் நடந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வரலாறு எழுதுகிறவரிடம்தான் எல்லாப் பதிவேடும் இருந்தது. ஒவ்வொரு குச்சியிலும் எடுத்த தேதி அச்சிட்டிருக்கும். பதினோரு வருடத்துக்கு முன்னால், மாட்டுப் பொங்கலுக்கு முந்தைய தேதியிட்ட குச்சிகளில் பிறந்த மாடுகள் அவரைக் கண்டால் பேசாமல் மேய்ந்தன. அதற்குப் பிந்தைய குச்சிகளில் பிறந்தவை அலறின.

*

"பதினோரு வருசமா அந்தப் பக்கமே போகலீங்களே" என்றார் பழனாத்தாள். கொடுத்த சேலையைத் திரும்ப வாங்க மாடிக்கு வந்திருந்தார்.

"எந்தப் பக்கம்?"

"பூபதிகிட்டத்தான். சார், அன்னிக்கு நான் கொட்டகைக்குப் பின்னால கூடையோட நின்னுட்டு இருந்தனுங்க."

சென்னியப்பன் பேனாவைக் கீழே வைத்தார். வெகுநேரம் சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார். யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறவர்களைப் போல நடுவிலிருந்து ஆரம்பித்தார்.

மாட்டுப் பொங்கலன்று கம்பெனியில் காளைகளுக்குப் பொங்கல் வைப்பார்கள். கொம்புக்கு வண்ணமடித்து, மாலை போட்டு, கர்ப்பூரம் காட்டுவார்கள். அந்த வருடம் ராசப்பனுக்கு ஒரு யோசனை. அறுபது விருந்தாளிகளை அழைத்து, பூசை முடிந்த கையோடு, விந்து சேகரிப்பதையும் அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும். தோல் போர்த்திய பொம்மைப் பசுவைப் பந்தலுக்கு நடுவில் நிறுத்தினார்கள். காளைக்காரன் ஊருக்குப் போயிருந்ததால் கயிறு சென்னியப்பன் கையில். மேளம் முழங்க, சாம்பிராணிப் புகைக்கு நடுவே, கழுத்தில் மாலையோடு பூபதி வந்தது. பொம்மையைப் பார்த்தது. நாற்காலிகளில் இருந்த அறுபது பேரையும் பார்த்தது. பிறகு படுத்து அசைபோடத் தொடங்கிவிட்டது.

விருந்தாளிகள் சிரித்தார்கள். ராசப்பன் எல்லோர் முன்னாலும், "ஒரு மாட்டைப் புடிக்கத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்குடா உத்தியோகம்?" என்றார்.

"அவங்க எல்லாம் சாப்பிடப் போனாங்க. நான் பின்னால கூட்டிட்டுப் போயி சங்கிலியில மூஞ்சியில அடிச்சேன். மூணு அடி. கொம்புல பெயிண்ட் இன்னும் காயல, பழனாத்தாக்கா. மாலை கழுத்துல கெடந்துச்சு. என் கழுத்துலயும் மாலை. தைப்பூசத்துக்கு வெரதம் இருந்தேன். அது கத்தவே இல்ல. என்னைப் பாத்துச்சு. அவ்வளவுதான்."

"ஆமாங்க" என்றார் பழனாத்தாள். "பாத்துச்சு."

"ஒவ்வொரு பூசத்துக்கும் மலையேறி முருகங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் இருக்கறேன்."

"முருகனையா அடிச்சீங்க?"

பழனாத்தாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். "வாங்க போலாம்."

பூபதி ஓய்வுபெற்ற காளைகளின் கொட்டகையில் நின்றது. பதினைந்து வயது. ஒரு கண் பூத்துப்போயிருந்தது. மூன்று வருடமாக அதனிடம் குச்சி எடுப்பதில்லை. சென்னியப்பன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சாணித்தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். கையை நீட்டினார். பூபதி மூச்சுவிட்டு முகர்ந்தது. பிறகு உள்ளங்கை வியர்வையின் உப்பை நக்கியது. நக்கி முடித்ததும் அடுத்த கையைத் தேடியது.

அவர் குலுங்கி அழுதார். "மன்னிச்சுட்டானாக்கா, இல்ல மறந்துட்டானா?"

"அதை எதுக்குங்க அவங்கிட்டக் கணக்குக் கேக்கறீங்க? நக்கறான். வாங்கிக்குங்க."

வெகுநேரம் கழித்து எழுந்தபோது அவருக்கு மறுபடியும் பவுனுவின் ஞாபகம் வந்துவிட்டது. "இவன் மன்னிச்சு என்ன பிரயோசனம்? இனி இவங்கிட்ட குச்சி எடுக்கப்போறதில்ல. பொறந்ததுக எல்லாம் அன்னிக்குப் பாத்த பார்வையோடவே பொறந்திருச்சு."

பழனாத்தாள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்: "பவுனு பூபதி மவதானுங்க. ஆனா பவுனு பூபதி இல்லீங்களே. அப்பன் பட்டது அதுக்குத் தெரியும். இன்னிக்கு நீங்க யாருன்னு அதுக்கு ஆரு சொன்னா? நீங்களே போயிச் சொல்லுங்க."

"மாட்டுக்கிட்ட எப்பிடிச் சொல்றது?"

"நின்னு."

*

தோட்டத்து வேலியிலிருந்து நூறு அடி தள்ளி, சாலையோரப் புளியமரத்தடியில் நின்றால் பவுனு கத்தவில்லை. காதை மட்டும் விறைத்தாள். அங்கிருந்து தொடங்கினார். ஒவ்வொரு நாள் மாலையும் அலுவலகம் முடிந்ததும் பேருந்து ஏறி வருவார். ஒரு மணி நேரம் நிற்பார். கையில் எதுவும் இருக்காது. தீவனத்தைக் காட்டி ஏமாற்றுவது சரியில்லை என்று நினைத்தார். "மன்னிச்சுக்கோ தாயி" என்று தொடங்கி, அன்றன்றைக்கு நடந்ததையெல்லாம் மெல்லிய குரலில் சொல்லுவார்; வரலாற்றில் எத்தனை பக்கம் ஆயிற்று, பேருந்தில் என்ன கூட்டம், மதியம் என்ன குழம்பு. பிறகு போய்விடுவார். மறுநாள் ஓரடி முன்னால்.

ஊருக்கு இது நல்ல பொழுதுபோக்காயிற்று. "இன்னிக்கு எத்தனையாவது அடிங்க?" என்று சைக்கிளில் போகிறவர்கள் விசாரித்தார்கள். சில நாள் பவுனு கத்திவிடுவாள். அப்போது மூன்றடி பின்னால் போய்விடுவார். ஆடி மாதக் காற்றில் கிளை ஒடிந்து விழுந்து அவள் மிரண்ட அன்று ஒரேயடியாகப் பத்தடி போயிற்று.

இளநிலா வேலிக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருப்பாள். ஆறு மாத வயிறு.

"ஏனுங்கப்பா, மாட்டுக்கிட்ட மட்டுந்தான் பேசுவீங்களா?"

"அதுக்குப் பதில் சொல்லத் தெரியாதில்ல கண்ணு. அதனால பேச வசதியா இருக்குது."

ஒரு நாள் கோமதி வேலியோரம் வந்து நின்றாள். அவர் வேலிக்கு முப்பதடி தூரத்துக்கு வந்திருந்த சமயம்.

"சம்பந்தி, நேராவே கேட்டர்றேன். இந்த மாட்டுச் சாதியை என்னதான் பண்ணுனீங்க?"

'ஒன்றுமில்லை' என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்தது. மகள் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் அவளுக்கு அவர் ஒரு நல்ல அப்பா. அதுவும் போய்விடுமோ என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு சங்கிலியிலிருந்து மாலைவரை எல்லாவற்றையும் சொன்னார்.

"மாட்டுப் பொங்கலன்னிக்கா?" என்றாள் கோமதி. திரும்பி உள்ளே போய்விட்டாள். இளநிலாவும் எழுந்து போனாள்.

மறுநாள் வேலியோரம் நாற்காலி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சென்னியப்பன் நின்றுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் வந்தபோது அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் ஒரு பெரிய பட்டைக்கல் கிடந்தது. இருபதடி தூரத்துக்கு யாரோ அதை இழுத்து வந்த தடம் மண்ணில் இருந்தது.

"நின்னுட்டே இருந்தா காலு வீங்கும்" என்றது உள்ளேயிருந்து கோமதியின் குரல். "அடி மாறினீங்கன்னா சொல்லுங்க, கல்லையும் நவுத்திப் போடறோம்."

நாற்காலியும் திரும்ப வந்தது. மகள் கடலையை உரித்துப் பாதியை அப்பா பக்கம் வேலிக்கு வெளியே வைத்தாள்.

அன்றிரவே அவர் கம்பெனி வரலாற்றில் அந்த மாட்டுப் பொங்கலைப் பற்றி ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார். நிர்வாகம் அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் மாலை போட்ட பூபதியின் வண்ணப்படம் ஒன்றை வைத்தது. படத்தில் கயிறு பிடித்திருக்கும் கை மட்டும் அவருடையது.

*

நூற்றுப் பன்னிரண்டாம் நாள் கல் வேலியிலிருந்து எட்டடியில் கிடந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானமே வந்துவிட்டார். பவுனு வேப்பமரத்தடியில் படுத்திருந்தாள். கன்று ஈன்று அரைமணி ஆகியிருந்தது. செவலைக் கிடாரி, ஈரம் காயாமல் எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தது.

கோமதி வேகமாக வந்தாள். முகத்தில் சந்தோஷமும் சங்கடமும் ஒன்றாக இருந்தன.

"நல்லபடியா ஈண்டிருச்சுங்க. ஆனா சம்பந்தி… சொல்லவே வாய் வரலீங்க. தாய் உங்களுக்குப் பழகிட்டுது, சரி. கன்னு அப்பிடியில்லீங்களே? தாய் வழியிலயும் பூபதி, தகப்பன் வழியிலயும் பூபதி. ரெட்டப் பயம். இப்பத்தான் கால் ஊணுது. உங்களைப் பாத்து மெரண்டு உழுந்துச்சுன்னா ஒடிஞ்சுரும்."

"ஆமாங்க" என்றார் சென்னியப்பன். இதை அவர் முன்பே யோசித்திருக்க வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு நாள் பவுனுவோடு பேசிச் சேர்த்ததெல்லாம் பவுனுவோடு போயிற்று. இனி இந்தக் கன்று. பிறகு அதன் கன்று. மகளின் பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான்.

கன்று இன்னும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் போய்விட வேண்டும். ஓசைப்படாமல் கல்லிலிருந்து எழுந்தார்.

"தாயும் புள்ளயும் நல்லாயிருக்கோணும் தாயி. நான் வாறேன்" என்று வழக்கமான மெல்லிய குரலில் பவுனுவிடம் சொல்லிவிட்டு, சாலையைப் பார்த்து நடந்தார்.

அந்தக் குரலுக்குக் கன்றின் காது திரும்பியது.

பிறகு நடந்ததைத் தோட்டத்தில் எல்லோரும் பார்த்தார்கள். நாலு காலும் நாலு திசைக்குப் போக, ஒரு தரம் மூக்குக் குத்தி விழுந்து, எழுந்து, அது வேலிக் கம்பிக்கு அடியில் நுழைந்தது. சாலையில் போய்க்கொண்டிருந்தவரின் பின்னால் ஆடி ஆடி ஓடியது. முழங்காலுக்குப் பின்புறம் ஈரமாக எதுவோ முட்டியதும் சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். கன்று அவர் வேட்டியில் மடியைத் தேடிக்கொண்டிருந்தது.

அவர் அசையவில்லை. கையை மட்டும் மெல்லக் கன்றின் முதுகில் வைத்தார்.

கன்று போனால் தாய் சும்மா இருப்பாளா? பவுனு எழுந்தாள். வேலி திறப்புவரை வந்து நின்றாள். கன்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அந்த எட்டடியையும் தாண்டி அவள்தான் நடந்து வந்தாள். வந்து கன்றை நக்கினாள். கன்றின் மேல் இருந்த அவர் கையையும் சேர்த்து நக்கினாள். நடுவில் ஒரு தரம் நிறுத்தி யோசித்தாள். மறுபடியும் நக்கினாள்.

முதலில் வாய் திறந்தவள் கோமதிதான். "நில்லுங்க சம்பந்தி. பொறந்து ஒரு மணி நேரம் ஆவல, கன்னே உங்களைக் கூப்புட வந்திருச்சு. இதுக்கு மேல நாங்க கூப்புடலைன்னா மருவாதி இல்லீங்க."

கன்றைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டினார். பவுனு பின்னாலிருந்து முதுகில் முட்டி முட்டி விரைவுபடுத்தினாள். கட்டுத்தறியில் கன்றை இறக்கிவிட்டுக் கைகால் கழுவி, கூடத்தில் மகள் போட்ட பாயில் உட்கார்ந்தபோது அவருக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. இளநிலா பக்கத்தில் மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பேசுங்கப்பா. மாடு இல்லைன்னா பேச்சு வராதா?"

அவர் சிரித்து ஏதோ சொன்னார். சொன்னதும் அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "இது எப்பவும் இப்பிடித்தான். சாயங்காலம் வேலிகிட்ட நீங்க பேச ஆரம்பிச்சா இதுவும் எந்திரிச்சுக்கும். வேற ஆரு பேசுனாலும் தூங்கும்."

தொலைபேசி அடித்தது. செய்தி எப்படியோ வெள்ளகோவில்வரை போயிருந்தது. பேசியது ஹேமநாதன்.

"சென்னியப்பன், நடக்கவே முடியாது! முட்டை வழியா போகாதுன்னு நானே நிரூபிச்சிருக்கேன்!"

"முட்டையில போயிருக்காதுங்க டாக்டர். வயித்துல ஒம்போது மாசம் இருந்துச்சில்லீங்களா? அது கேட்டிருக்கும். அவ்வளவுதானுங்க."

"இத்தனை வருஷத்துல அதைச் சோதிக்கணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல" என்றார் ஹேமநாதன். "சரி, முதல்ல பதிவு பண்ணணும். நீங்கதான் பதிவேடு வெச்சிருக்கீங்க. தாயோட நம்பர் சொல்லுங்க."

சென்னியப்பன் யோசித்தார். ஐம்பது வருடப் பதிவேடு அத்தனையையும் அவர் புரட்டியிருக்கிறார். காளையின் பெயர், காளையின் அப்பன் பெயர், அப்பனின் அப்பன் பெயர் எல்லாம் அதில் உண்டு. குச்சி போன ஊர் உண்டு. குச்சியை வாங்கிச் சுமந்தவளுக்குக் கட்டமே இல்லை.

"நம்பர் இல்லீங்க டாக்டர்."

"நம்பர் இல்லாம எங்கே எழுதறது?"

"ஓரத்துல எடம் இருக்கும் பாருங்க" என்றார் சென்னியப்பன். "தாய் பவுனுன்னு எழுதிக்குங்க."